படகுக்காரி செத்தாளா, இல்லையா?

கோட்டையைப் பற்றிய அந்தச் சண்டை முதன்முதலில் என் காதில் விழுந்தபோது, யாரோ பங்காளிகள் சொத்துத் தகராறு என்றுதான் நினைத்தேன்.

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் தங்கச்சி மகள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். எனக்குப் பிள்ளை கிடையாது. அவளோடுதான் இருக்கிறேன். பெரிய ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு மேசை. மேசைமேல் ஸ்பைரல் பைண்டிங் மிஷின். அதுதான் என் இடம். தாளை அடுக்கித் துளை போட்டு, சுருளை நுழைத்து, முனையை மடக்கிவிடுவேன். கடைக்கு வருகிறவர்களுக்கு என் தலை தெரியாது. எனக்கு அவர்கள் குரல் மட்டும் கேட்கும். நாலு பேர் முன்னால் பேசு என்றால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிற ஆளுக்கு இதைவிடத் தோதான இடம் அமையாது.

"கோட்டைக்கு ஏழு வாசல்தான்" என்று ஒரு ஆண் குரல்.

"ஒம்பது. மூணாவது புத்தகத்துல தெளிவா போட்ருக்கு" என்று ஒரு பெண் குரல்.

"புத்தகத்துல என்ன வேணாலும் எழுதுவான். நான் உள்ள போயி நடந்துருக்கேன் பாப்பா. ஏழு."

இத்தனை வாசல் வைத்துக் கட்டினவர்கள் பெரிய குடும்பமாகத்தான் இருக்கவேண்டும், பாகப்பிரிவினைப் பத்திரம் எப்படியும் நகல் எடுக்க வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். கடைக்கு வருகிற காகிதம் எல்லாவற்றையும் படித்துவிடுவது என் பழக்கம். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது; அதற்குப் பிறகு படித்ததெல்லாம் இந்த மாதிரிதான். பத்திரம் வரவில்லை. நூற்றெண்பது பக்கத்துக்குத் தமிழில் டைப் அடித்த ஒரு கதை வந்தது. முதல் பக்கத்தில் 'கோட்டை, புத்தகம் ஒன்று' என்று போட்டிருந்தது.

எனக்குப் பிறகு விளங்கியதைச் சொல்லிவிடுகிறேன். கோட்டை என்பது டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு கேம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று செய்தது. இங்கிலீஷில் அதற்கு நீளமாக ஒரு பேர் உண்டு, நம் பிள்ளைகள் சுருக்கமாகக் கோட்டை என்பார்கள். மூன்று பாகம் வந்திருந்தது. கேம் நன்றாக ஓடியதால், அதில் வருகிற ஆட்கள் அதற்கு முன்னால் என்ன செய்தார்கள், பின்னால் என்ன ஆனார்கள் என்று கம்பெனியே ஆள் வைத்து ஆறு கதைப் புத்தகம் எழுத வைத்தது. ஆறும் இங்கிலீஷ். செங்கல் தடிமன்.

அதைத் தமிழில் எழுதியது ஒரு பெண் பிள்ளை. திருச்சியில் காலேஜ் படித்தாள். காலையில் பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கம், சாயங்காலம் திரும்பும்போது ஒரு பக்கம் என்று மடியில் நோட்டை வைத்து எழுதுவாள். ஸ்பீடு பிரேக்கர் வந்த இடம் எது என்று அவள் எழுத்தைப் பார்த்தே சொல்லலாம். சனிக்கிழமை எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் டைப் அடித்து மூன்று பிரதி எடுப்பாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவளுடைய சிநேகிதிக்கு, ஒன்று அந்தத் திருச்சி பஸ்ஸின் கண்டக்டருக்கு.

கண்டக்டர் இதில் சேர்ந்ததே டிக்கெட் கொடுக்கும்போதுதான். இந்தப் பிள்ளை எழுதுவதைத் தலைக்கு மேலிருந்து எட்டி எட்டிப் படித்து, களமாவூர் தாண்டியதும் "அப்பறம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் செல்லுக்கென்று வந்த சின்னக் கேமையும் ஏற்றிக்கொண்டார்.

ஏழு வாசல் என்றது எதிர்வரிசையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற தம்பி. சவுதியில் ஏசி மெக்கானிக்காக எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு ரூமில் ஆறு பேர். வெள்ளிக்கிழமை லீவுக்கு வெளியே போனால் வெயில், உள்ளே இருந்தால் கோட்டை. ஆறு பேரும் மாற்றி மாற்றி விளையாடுவார்களாம். "சொந்த ஊர்ல எங்க வீட்டுச் செவுத்தவிட அந்தக் கோட்டச் செவுரு எனக்கு நல்லாத் தெரியும்" என்பார். அதனால் அவருக்குப் புத்தகம் என்றாலே ஆகாது. தான் வெட்டிச் சாய்த்த கோட்டையில் எவனோ உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு வாசலைச் சேர்க்கிறான் என்று கோபம்.

"கேம்ல நடந்ததுதான் நடந்தது. நான் கையால செஞ்சது" என்பார்.

"அப்படியா அண்ணே? நீங்க அந்தப் பாலத்துல நூறு தடவ விழுந்து செத்தீங்கன்னு நீங்களே சொன்னீங்க. அதுவும் நடந்ததா?" என்பாள் அந்தப் பிள்ளை.

"அது வேற."

"எப்படி வேற? செத்தது கணக்குல வராது, செயிச்சது மட்டும் கணக்கா?"

கண்டக்டர் சிரிப்பார். வெளியே டிரைவர் ஹாரனை அமுக்குவார். கண்டக்டர் ஓடுவார். பெரும்பாலும் இப்படித்தான் கூட்டம் கலையும்.

நான் மிஷினுக்குப் பின்னால் படித்துக்கொண்டிருந்தேன். விரல் வைத்து, வரி வரியாக. துளை போட்டுவிட்டால் கட்டு கையைவிட்டுப் போய்விடும் என்பதால், படித்து முடிக்காமல் துளை போடமாட்டேன். "பைண்டிங் ஆச்சா பெரியம்மா?" என்று அந்தப் பிள்ளை கேட்கும். தங்கச்சி மகள் அப்படிக் கூப்பிடுவதால் கடைக்கு வருகிற எல்லோருக்கும் நான் பெரியம்மாதான். "சுருள் வரல" என்று சொல்லிவிடுவேன். சுருள் பெட்டி என் காலடியில்தான் இருக்கும். காலை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டு சொல்வேன்.

கதையில் ராஜா, தளபதி, குதிரை எல்லாம் உண்டு. எனக்கு அவர்கள்மேல் பெரிய அக்கறை வரவில்லை. ஒரு படகுக்காரி வருவாள். வயசானவள். கோட்டைக்கு முன்னால் ஓடுகிற ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்ப்பாள். பேர்கூட இல்லை. முதல் புத்தகத்திலேயே அவள் நெஞ்சை நோக்கி ஒரு அம்பு வரும். துடுப்பைக் குறுக்கே பிடித்துவிடுவாள், அம்பு கட்டையில் குத்தி நிற்கும். அவள் செத்தாள் என்று எதிரி நினைத்துக்கொள்வான். அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் கோட்டைக்குள்ளேயே இருப்பாள். பூட்டுக்கு எண்ணெய் போடுவாள், தண்ணீர் மதகைத் திறப்பாள். ராஜா தப்பித்தான் என்றால் எந்தக் கதவோ திறந்திருக்கும். அதைத் திறந்தவள் அவள்தான். ராஜாவுக்கு அது தெரியவே தெரியாது. அஞ்சு புத்தகத்தில் அவள் மொத்தம் பதினொரு தடவைதான் வாய் திறந்தாள். நான் எண்ணினேன்.

செல் கடைத் தம்பி ஒருநாள் மத்தியானம் மின்சார பில் நகலெடுக்க வந்தவர் என்னை எட்டிப் பார்த்து, "பெரியம்மா, நீங்க படிக்கிறதெல்லாம் கட்டுக்கத. வாங்க, நெசக் கோட்டையக் காட்றேன்" என்றார். தங்கச்சி மகளும் பிடித்துத் தள்ளினாள். போனேன்.

அவர் கடையில் டிவி முன்னால் உட்காரவைத்து, இரண்டு கையாலும் பிடிக்கிற ஒன்றைக் கொடுத்தார். கேம் தொடங்கியதும் ஆறு. படகு. துடுப்புப் போட்டுக்கொண்டு அவள். பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தது போல ஆகிவிட்டது. பின்னல்கூட நான் நினைத்திருந்த மாதிரியே.

"இந்தக் குமிழத் தள்ளுனா படகு போகும். நேரா கரைக்கு விடுங்க. எறங்குனதும் கெழவி மேல அம்பு பாயும், செத்துருவா. அவ இடுப்புல சாவி இருக்கும், எடுத்துக்கணும். அங்கதான் கேமே ஆரம்பம்."

"செத்துருவாளா?"

"ஆமா பெரியம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"துடுப்பு?"

"எந்தத் துடுப்பு?"

நான் குமிழைப் பக்கவாட்டில் தள்ளினேன். படகு திரும்பியது. இன்னும் தள்ளினேன். கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றியது. நடு ஆற்றில் அப்படியே வட்டம் வட்டமாக விட்டுக்கொண்டிருந்தேன். அவள் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தாள். டிஸ்ப்ளே மாற்ற வந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். இன்னொருவர் வந்தார்.

"கரைக்கு விடுங்க பெரியம்மா."

"விடமாட்டேன்."

"விட்டாத்தான கேமு!"

"எனக்கு இது போதும்."

அரை மணி நேரம் கழித்து அவரே பிளக்கைப் பிடுங்கினார். "இத்தன வருசத்துல ஒரு அம்பு வராம வெளையாடுன ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். அஞ்சாவது புத்தகம் முடிந்து கட்டு என் மேசைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் படகுக்காரி கோட்டைக்கு அடியில் மதகு அறையில் இருக்கிறாள். வெளியே இருந்து கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆற்றுத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. அவ்வளவுதான். கீழே 'ஐந்தாம் புத்தகம் முற்றும்' என்று போட்டிருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை.

அன்றைக்குச் சனிக்கிழமை. செல் கடைத் தம்பி ரோட்டைத் தாண்டி வந்த வேகத்தில் ஒரு ஸ்கூட்டி பிரேக் அடித்தது. கையில் செல்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? கம்பெனியே சொல்லிட்டான்! நாலாம் பாகம் வரப்போகுது. கேம்ல இருக்குறது மட்டுந்தான் நடந்தது, புத்தகம் ஆறும் கணக்குல கெடையாதுன்னு அறிக்கை விட்டுட்டான். படம்கூட போட்ருக்கான். இந்தா, படகுக்காரி சமாதி. ஆத்தங்கரையில. கல்லு நட்டு, பூ வச்சு."

அந்தப் பிள்ளை செல்லை வாங்கிப் பார்த்தது. பிறகு நோட்டை மூடிப் பைக்குள் வைத்தது.

"அப்ப ஆறாவத எழுதல."

"ஏன்?" என்றாள் தங்கச்சி மகள்.

"எதுக்குக்கா? நடக்காத ஒண்ண நான் எதுக்குக் கண்ணு வலிக்க பஸ்ஸுல எழுதணும்? கம்பெனியே இல்லன்னுட்டான். ரெண்டு வருசம் வீணாப் போச்சு."

செல் கடைத் தம்பிக்குச் செயித்த முகம் போய் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எதிராளி மைதானத்தைவிட்டுப் போவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அதுக்கில்ல பாப்பா..." என்று இழுத்தார். அவள் போய்விட்டாள்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஆறாவது புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. அதில் படகுக்காரி பிழைத்தாளா இல்லையா என்று அச்சில் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷில் ஜெராக்ஸ் என்ற பலகையைப் படிக்கத் தெரியும், அதுவும் தெரிந்த பலகை என்பதால். அவள் தமிழில் எழுதவில்லை என்றால் எனக்கு அந்தக் கதவு சாத்தினது சாத்தினதுதான். குளிக்கப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினால் அவள் ஞாபகம் வந்தது.

அந்தப் பிள்ளையிடம் நேரே கேட்டிருக்கலாம். ரெண்டு வார்த்தை. வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, அவள் புராஜெக்ட் நகலெடுக்க வந்த அன்றைக்கு மேசைமேல் ஒரு புது நோட்டு வைத்தேன். "யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க போல" என்று தங்கச்சி மகளிடம் எடுத்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் புது நோட்டுமேல் புதுப் பேனா வைத்தேன். "மறுபடியும் மறந்துட்டாங்க அக்கா" என்றாள். மூன்றாம் நாள் பயறு அவித்துக் கிண்ணத்தில் வைத்தேன். பயறைத் தின்றுவிட்டு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை கண்டக்டர் வந்தார். பஸ் புறப்படப் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பிள்ளையும் செல் கடைத் தம்பியும் இருந்தார்கள். சண்டை போட விஷயம் இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கம்பெனிக்காரன் யாரு, நமக்குச் சொல்ல?" என்றார் கண்டக்டர். "அவன் வித்தவன். படிச்சவுக நாம. எங்க தங்கச்சிக்கு ரெண்டு எடத்துல மாப்ள வந்து எதுன்னு தெரியாம கெடந்தப்ப, பூ கட்டித்தான் பாத்தோம். இப்ப மூணு புள்ளைங்களோட நல்லாருக்கு. இதுக்கும் பூ கட்டிருவோம். வெள்ள வந்தா புத்தகமும் கணக்குல உண்டு, பாப்பா ஆறாவத எழுதணும். செவப்பு வந்தா கேம் மட்டும். அதுக்கப்பறம் யாரும் பேசக்கூடாது."

எங்கள் பக்கம் முடிவு தெரியாத காரியத்துக்கு இப்படிச் செய்வார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ, சாமி முன்னால் வைத்து, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள்.

செல் கடைத் தம்பி வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். "நாங்க சீட்டுப் போட்டுத்தான் பாப்போம். பூவெல்லாம் எனக்குச் சரிவராதுண்ணே" என்றார்.

"சீட்டுன்னா யாராவது எழுதணும். எழுத்தப் பாத்து கண்டுபுடிச்சிருவீக. பூவுக்கு என்ன எழுத்து?"

அவர் யோசித்தார். "சரி. செவப்பு வந்தா சரி."

கட்டுகிறது யார் என்று அடுத்த பிரச்சினை. கண்டக்டர் கட்டினால் இவர் ஒத்துக்கொள்ளமாட்டார், இவர் கட்டினால் அந்தப் பிள்ளை. தங்கச்சி மகள் சொன்னாள்: "எங்க பெரியம்மா கட்டட்டும். அதுக்கு எந்தக் கட்சியும் கெடையாது. வாயுமில்ல."

எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாண்டுப் பூக்காரம்மா கொடுத்த வெள்ளை நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும் ஒரு கைப்பிடி இருந்தது. மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வீணான தாள் ஒன்றை இரண்டாகக் கிழித்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் பொய். நடுங்கவே இல்லை. இந்தத் தாளில் ஒரு வெள்ளை. அந்தத் தாளிலும் ஒரு வெள்ளை. சிவப்பை மடியில் செருகினேன். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். அம்மனை நான் பார்க்கவில்லை. அவள் பார்த்திருப்பாள்.

டீக்கடைக்கார அக்காவின் மூன்று வயசு மகளைத் தூக்கி வந்தார்கள். பஸ் ஜன்னலில் நாலைந்து தலை எட்டிப் பார்த்தது. "என்னப்பா, பொண்ணு பாக்குறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைத்தது. பிடுங்கிப் பிரித்தார்கள்.

வெள்ளை.

கண்டக்டர் சந்தோஷத்தில் விசிலை எடுத்து ஊதிவிட்டார். இரண்டு தடவை. டிரைவர் கியரைப் போட்டு பஸ்ஸை எடுத்துவிட்டார். "ஏய், ஏய், ஹோல்டான்!" என்று கண்டக்டர் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஜன்னலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

இந்தக் கூத்தில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். செல் கடைத் தம்பி மறக்கவில்லை.

"எதுக்கும் மத்ததையும் பிரிச்சுப் பாத்துருவோம்" என்று கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

யார் கத்தியது என்று எல்லோரும் திரும்பினார்கள். நான்தான்.

"சாமி ஒண்ணக் கொடுத்ததுக்கு அப்பறம் மத்ததப் பிரிக்கக் கூடாது. பிரிச்சா, கேட்டது பலிக்காது. தண்ணியிலதான் விடணும்" என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் கிடையாது. அந்த நிமிஷத்தில் நான் உண்டாக்கியது.

"பெரியம்மாவே சொல்லுதுன்னா இருக்கும்" என்று செல் கடைத் தம்பி கையை எடுத்துக்கொண்டார். நாற்பது வருஷம் பேசாமல் இருந்ததற்கு அன்றைக்கு ஒரு பலன் கிடைத்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து, அவசரத்தில் சுருள் பெட்டிக்குள் போட்டேன். சிவப்பு அரளியைச் சாயங்காலம் கோயிலில் வைத்து, "ஆத்தா, அவ தண்ணிக்குள்ள நிக்கிறா" என்று மட்டும் சொன்னேன்.

ஆறாவது புத்தகம் நாலு மாசம் ஆனது. இந்தத் தடவை அந்தப் பிள்ளை மொத்தமாகக் கொண்டுவரவில்லை. அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டுவந்து, கேட்காமலே என் மேசையில் வைத்தாள். முதல் மூன்றிலும் ராஜாவும் அவன் மகனும். நாலாவதில் படகுக்காரி வந்தாள்.

தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. சுவரைத் தடவுகிறாள். மதகுச் சக்கரம் கையில் படுகிறது. இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மெதுவாக உருட்டி உருட்டிக் கடைசியில் கட்டைவிரலால் ஒரு மடக்கு. திறந்துவிட்டது. வெளியே வந்து முந்தானையைப் பிழிந்தாள். கரையில் இருந்தவனிடம் வெந்நீர் கேட்டாள், சுக்குத் தட்டிப் போட்டு.

மூன்று தடவை படித்தேன். அஞ்சு புத்தகத்தில் அவளுக்கு முந்தானை இருந்ததில்லை. அந்த ஊரில் சுக்கு கிடைக்குமா என்றும் ஒரு யோசனை வந்தது. இடது உள்ளங்கை, வலது கை உருட்டு, கட்டைவிரல் மடக்கு... அதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. அப்போது என் கையில் பாதி நுழைத்த சுருள் இருந்தது. எப்படியோ வெளியே வந்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது.

ஆறாவது முழுசும் முடிந்து, கட்டுப் போட்டுக் கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். செல் கடைத் தம்பி கண்டக்டரின் பிரதியை வாங்கிக்கொண்டு போனார், தப்புக் கண்டுபிடிக்கத்தான் என்று சொல்லிவிட்டு. சனிக்கிழமை வந்தார். ஒரு கையில் தமிழ், ஒரு கையில் செல்லில் இங்கிலீஷ்.

"பாப்பா. நாலாவது அத்தியாயம் இதுல இல்ல."

அந்தப் பிள்ளை டைப் அடிப்பதை நிறுத்தவில்லை.

"மொத்தப் புத்தகத்துலயும் தேடிட்டேன். படகுக்காரிங்கிற வார்த்தையே இல்ல. மூணுக்கு அடுத்து நேரா ராசா மகன் கல்யாணம். பதினோரு பக்கம் நீயா எழுதிருக்க!"

"ஆமாண்ணே."

"ஆமாவா?"

"எழுதுனவரு மறந்துட்டாருண்ணே. அஞ்சாவதுல கதவச் சாத்திட்டு, ஆறாவதுல ராசா வீட்டுக் கல்யாணத்துல பந்தி போடப் போயிட்டாரு. செத்தான்னும் இல்ல, பொழச்சான்னும் இல்ல. கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்தேன்."

"அதுக்கு? நீ சேத்துருவியா? கம்பெனி சொன்னதும் கணக்குல இல்ல, புத்தகம் எழுதுனவன் எழுதுனதும் கணக்குல இல்ல, கீரனூர் ஜெராக்ஸ் கடையில நடந்ததுதான் கணக்கா? நான் பூவுக்குக் கட்டுப்பட்டேன்ல? எனக்கே ஆகாத பூவுக்கு! ஒழுங்கா, நாயமா!"

அந்தப் பிள்ளை எழுந்து பைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் இல்லாத நேரம் தன் புராஜெக்டுக்குச் சுருள் எடுக்கப் போனபோது பெட்டியில் கிடைத்ததாம். பூக் கேட்ட மூன்றாம் நாளே. தாளைப் பிரித்தாள். காய்ந்து பழுப்பேறிப் போயிருந்தது, ஆனாலும் அது நந்தியாவட்டை என்று யாருக்கும் தெரியும்.

தங்கச்சி மகள் என்னைப் பார்த்தாள். செல் கடைத் தம்பி மிஷினைச் சுற்றிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார். கண்டக்டர் அப்போதுதான் உள்ளே வந்து, என்ன ஏது என்று தெரியாமல் அவரும் என்னைப் பார்த்தார். ஸ்டூலுக்கு அடியில் போக இடமில்லை.

"பெரியம்மா, நீங்களா?" என்றார் தம்பி. கோபம்கூட இல்லை. எங்கள் மிஷினே எழுந்து பொய் சொல்லியது போல ஒரு பார்வை.

ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும். "அவள தண்ணிக்குள்ள விட்டுட்டு எனக்குச் சோறு எறங்கல தம்பி" என்றேன். "எனக்கு இங்கிலீசு தெரியாது. இந்தப் புள்ள எழுதலேன்னா நான் எங்கிட்டுப் போயிக் கேப்பேன்?"

டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் அசையவில்லை.

"பூ பொய்யி. அதனால நாலாவது அத்தியாயமும் கணக்குல இல்ல, எடுத்துறேன்" என்றாள் அந்தப் பிள்ளை. அழுகிற மாதிரி இருந்தது. "ரெண்டுமே திருட்டுத்தனந்தான்."

"எடுக்கக் கூடாது!" என்றார் கண்டக்டர். "நான் டிரைவருக்குச் சொல்லிட்டேன், அவ பொழச்சிட்டான்னு. மணப்பாற ரூட்டுக்காரருக்கும் சொல்லியாச்சு."

தம்பி தமிழ்க் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாலாவது அத்தியாயத்தில் நிறுத்தி, நின்ற வாக்கிலேயே படித்தார். உதடு அசைந்தது. முந்தானை பிழிகிற இடத்தில் மூக்கைச் சுருக்கினார். பிறகு என்னிடம், மெதுவாக, கோயிலில் கேட்பது போலக் கேட்டார்.

"பெரியம்மா. மதக நான் பாத்துருக்கேன். அந்த ரூம்லேருந்து வெளிய வர வழியே கெடையாது. நானே எத்தனயோ தடவ முட்டிப் பாத்துட்டேன். அவ எந்த வாசல் வழியா வந்தா?"

எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம்.

"எட்டாவது வாசல்."

அவர் முகம் மாறியது. "எட்டாவதா? கோட்டைக்கு ஏழு வாசல்தான!"

"மூணாவது புத்தகத்துல தெளிவா போட்ருக்குண்ணே" என்றாள் அந்தப் பிள்ளை. அழுகை எங்கே போனதோ தெரியவில்லை.

"போட்டா? நான் உள்ள போயி நடந்துருக்கேன்!"

"ஏழு வாசல்லயும் முட்டிட்டு வெளிய வர முடியலேன்னா தம்பி, எட்டாவது ஒண்ணு இருக்குன்னுதான அர்த்தம்?" என்றார் கண்டக்டர்.

"நீங்க சும்மா இருங்க, ஒங்க பஸ்ஸு போகுது பாருங்க!"

நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் ஓடினார். அந்தப் பிள்ளை நாலாவது அத்தியாயத்தை எடுக்கவில்லை. தம்பி தனக்கும் ஒரு பிரதி போடச் சொன்னார், எட்டாவது வாசல் பொய் என்று ஓரத்தில் எழுதி வைப்பதற்காக. அந்தப் பதினோரு பக்கத்தையும் மற்றதோடு சேர்த்து அடுக்கி, தட்டிச் சமன் செய்து, துளை போட்டேன். சுருளை நுழைத்து இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, வலது கையால் உருட்டினேன்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது, அந்தக் கையை எங்கே பார்த்தேன் என்று. கட்டைவிரலை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

முன்னால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "ஏழு!" "எட்டாவது இருக்குண்ணே!" "ஏழுங்கிறேன்!"

"ஒம்பது" என்றேன் மிஷினுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் சத்தமாகவே.